கிரகித்தல் வினாவில் நாம் எதற்குப் புள்ளியிடுகிறோம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

தவணைப் பரீட்சை விடைத்தாள்கள் திருத்தப்பட்டுப் பிள்ளைகளின் கைக்கு வந்துகொண்டிருக்கும் இந்நாட்களில், தமிழ்ப் பாடத்தின் கிரகித்தல் பகுதிக்கு, அதாவது ஒரு பந்தியை வாசித்து விளங்கிக்கொண்டு வினாக்களுக்கு விடை எழுதும் பகுதிக்கு, நாம் புள்ளியிடும் முறை குறித்துத் தங்கள் பத்திரிகை வாயிலாக ஆசிரியர்களோடும் பெற்றோரோடும் பேச விரும்புகிறேன். கொழும்பிலும் அதன் அயலிலும் உள்ள தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் 29 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவள் நான். ஞாயிறு பிற்பகல்களில் அயல்வீட்டுப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்கள் வீட்டு முன்கூடத்தில் கூடுவார்கள். கதைப் புத்தகமோ பத்திரிகையோ கையில் கிடைப்பதை முறைவைத்து வாசித்துவிட்டு, வாசித்ததைப் பற்றிக் கதைப்போம். சென்ற கிழமை அவர்களுள் இருவர், ஒரே பாடசாலையின் ஒரே ஏழாந் தர வகுப்பில் படிக்கும் ஒரு சிறுமியும் ஒரு சிறுவனும், தங்கள் விடைத்தாள்களை எடுத்துவந்து காட்டினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கு உண்டான கவலையே இக்கடிதத்துக்குக் காரணம்.

கொடுக்கப்பட்ட பந்தி சிறியது, நல்ல பந்தி. வேலையை இழந்துவிட்ட மாரிமுத்து என்பவர், மாலை ஆறரை மணிக்கு, தெருவிளக்குகள் எரியத் தொடங்கும் வேளையில், மழையில் நடந்து வீடு திரும்புகிறார். வழியில் ஒரு பலசரக்குக் கடை இருக்கிறது. அக்கடையின் கடன் கொப்பியில் தமக்கென ஒதுக்கப்பட்ட பக்கம் நிரம்பிவிட்டது என்பது அவருக்குத் தெரியும். கடைக்குக் கிட்ட வரும்போது மழை விட்டுவிடுகிறது. ஆயினும் அவர் குடையை மடக்காமல், கடைப் பக்கமாகச் சற்றுச் சரித்துப் பிடித்தபடியே தாண்டிச் செல்கிறார். இவ்வளவுதான் பந்தி. மழை விட்ட பின்பும் மாரிமுத்து ஏன் குடையை மடக்கவில்லை என்பது வினா. அதற்கு இரண்டு புள்ளி.

சிறுமி எழுதியிருந்த விடையை எழுத்து மாறாமல் இங்கே தருகிறேன்: “அவருக்கு வெக்கம். கடைக்கு காசு குடுக்கல. மொகம் தெரியாம இருக்கத்தான் கொடைய புடிச்சிகிட்டு போறாரு.” இதன்மேல் சிவப்புப் பேனையால் பெரிய புள்ளடி ஒன்று போடப்பட்டிருந்தது. ‘வெக்கம்’, ‘மொகம்’, ‘கொடைய’ ஆகிய மூன்று சொற்களைச் சுற்றியும் வட்டம். ஓரத்தில், கொடை என்றால் தானம் என்று ஒரு குறிப்பு. அதன் கீழே, பந்தியைப் பார்த்து எழுதவும் என்று இன்னொரு குறிப்பு. புள்ளி பூச்சியம்.

சிறுவன் எழுதியிருந்தது இது: “மழை விட்ட பின்பும் மாரிமுத்து குடையை மடக்கவில்லை. ஏனெனில், கடன் கொப்பியில் தமக்கென ஒதுக்கப்பட்ட பக்கம் நிரம்பிவிட்டது.” ஒரு எழுத்துப்பிழை இல்லை. அழகான கையெழுத்து. இரண்டுக்கு இரண்டு.

நான் அந்தச் சிறுவனிடம், பக்கம் நிரம்பிவிட்டது என்றால் என்ன மகன் என்று கேட்டேன். “கொப்பி முடிஞ்சிட்டு டீச்சர், புதுசு வாங்கணும்” என்றான். கொப்பி முடிந்ததற்கும் குடைக்கும் என்ன தொடர்பு என்று கேட்டதற்குச் சற்று யோசித்துவிட்டு, “தெரியாது, அந்த வசனம் குடைக்குக் கிட்டத்தான் இருந்திச்சு” என்று சொன்னான். அவன் நேர்மையான பிள்ளை, உள்ளதைச் சொன்னான். கடன் என்ற சொல்லை வாசித்தும் அது அவன் மனத்தில் தைக்கவில்லை. மாரிமுத்துவின் மனநிலை அவனுக்கு எட்டவேயில்லை. பந்தியை விளங்கிக்கொண்ட பிள்ளைக்குப் பூச்சியமும் விளங்கிக்கொள்ளாத பிள்ளைக்கு முழுப்புள்ளியும் ஒரே மேசையில், ஒரே பேனையால், அநேகமாக ஒரே மணித்தியாலத்துக்குள் வழங்கப்பட்டிருக்கின்றன.

இது ஒரு வகுப்பறையில் தற்செயலாக நேர்ந்த தவறு என்றால் நான் எழுதியிருக்க மாட்டேன். பந்தியிலுள்ள வசனத்தை அப்படியே எடுத்தெழுதுவதே சரியான விடை என்னும் எண்ணம் நம் வகுப்பறைகளில் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. அப்படி எடுத்தெழுதுவதற்கு விளக்கம் தேவையே இல்லை என்பதை ஆசிரியர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். ‘கூரிலன் மேத்தையைப் பூசலத்தில் நெழித்தான்’ என்று ஒரு வசனத்தை வைத்துக்கொள்வோம். இதில் ஒரு சொல்லுக்கும் பொருள் கிடையாது, நானே கட்டியவை. ஆனால் கூரிலன் மேத்தையை எங்கே நெழித்தான் என்று கேட்டால், பூசலத்தில் நெழித்தான் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளை உடனே எழுதிவிடும். யார் நெழித்தான், எதை நெழித்தான் என்ற வினாக்களுக்கும் பிழையின்றி விடை வரும். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி நிற்பதால், ‘எங்கே’ என்ற வினாவுக்கு ‘இல்’ என்று முடியும் சொல்லையும், ‘எதை’ என்ற வினாவுக்கு ‘ஐ’ என்று முடியும் சொல்லையும் தேடி எடுத்துவிடலாம். மூன்று வினாவுக்கும் முழுப்புள்ளி பெற்ற அப்பிள்ளை எதை வாசித்து எதை விளங்கிக்கொண்டது? இந்தத் தந்திரத்தைப் பிள்ளைகள் நாம் நினைப்பதைவிட விரைவாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். நாமும் அதற்குப் புள்ளி கொடுத்துக் கொடுத்து அதையே வாசிப்பு என்று அவர்களுக்குப் பழக்கிவிடுகிறோம்.

எழுத்துப்பிழையைக் கண்டும் காணாமல் விடுவதா, அப்படி விட்டால் தமிழ் என்னாவது என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியை நானும் பல ஆண்டுகள் கேட்டவள்தான். கிரகித்தல் விடையில் ஒரு பிழைக்கு அரைப்புள்ளி என்று கணக்குவைத்துக் குறைத்து வந்திருக்கிறேன். அதனால், கதையின் உட்பொருளை வகுப்பில் எல்லோருக்கும் முன்பே கண்டு சொல்லக்கூடிய ஒரு மாணவன் பத்துக்கு மூன்றுடன் வீட்டுக்குப் போன நாட்கள் இருந்தன. அவன் வாசிப்பில் பின்தங்கியவன் என்று தேர்ச்சி அறிக்கையில் என் கையாலேயே எழுதினேன். அவன் பின்தங்கியிருந்தது ல, ள, ழ வேறுபாட்டிலும் ர, ற வேறுபாட்டிலும். வாசிப்பில் அவன் என் வகுப்பில் முதல்வன். இரண்டையும் ஒரே எண்ணுக்குள் போட்டுக் குழப்பியதால், எதைக் கற்பித்தால் அவன் முன்னேறுவான் என்பது எனக்கும் தெரியாமற் போனது, அவனுடைய தாய்க்கும் தெரியாமற் போனது. இன்று அதை நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது.

எழுத்தைத் திருத்த வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கட்டுரைக்கும் கடிதத்துக்கும் இலக்கணத்துக்கும் அதே பரீட்சையில் தனித்தனி வினாக்கள் இருக்கின்றன. கீழ் வகுப்புகளில் சொல்வதெழுதுதல் இருக்கிறது. அங்கே எழுத்துக்கும் நடைக்கும் கண்டிப்பாகப் புள்ளியிடட்டும். கிரகித்தல் விடையிலும் பிழையைப் பென்சிலால் கோடிட்டுச் சரியான வடிவத்தை மேலே எழுதிவிடலாம். பிள்ளை அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும். புள்ளியைக் குறைப்பதுதான் கூடாது. 15 வயது மாணவர்களுக்காக 2000ஆம் ஆண்டு முதல் நடத்தப்பட்டு வரும் பீசா என்னும் சர்வதேச மதிப்பீட்டிலும், நான்காந் தர மாணவர்களின் வாசிப்புக்காக 2001 முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை நடத்தப்படும் பேர்ல்ஸ் மதிப்பீட்டிலும், பிள்ளைகள் தம் சொற்களில் எழுதும் விடைகளுக்கு இடமுண்டு. கருத்து விளங்காத அளவுக்குச் சிதைந்திருந்தாலொழிய எழுத்துப்பிழையையும் இலக்கணப் பிழையையும் பொருட்படுத்தக் கூடாது என்பதே அங்கு விடை திருத்துவோருக்கான விதி. தாம் அளப்பது வாசிப்பை என்பதில் அவர்கள் தெளிவாக இருக்கிறார்கள்.

அந்தச் சிறுமியின் மூன்று வட்டமிட்ட சொற்களையும் இன்னொரு முறை பாருங்கள். அவளுடைய பெற்றோர் மலையகத்திலிருந்து வந்து கொழும்பில் தொழில் செய்பவர்கள். முகம் ‘மொகம்’ என்றும் குடை ‘கொடை’ என்றும் இடம் ‘எடம்’ என்றும் இலை ‘எலை’ என்றும் ஒலிப்பது பேச்சுத்தமிழில் பரவலாகக் காணப்படும் மாற்றம். அடுத்த அசையில் அகரமோ ஐகாரமோ வரும்போது முதலசையின் உகரம் ஒகரமாகவும் இகரம் எகரமாகவும் திரிகின்றன. அவள் காதால் கேட்டதை ஒழுங்கு தவறாமல் எழுதியிருக்கிறாள். எழுத்துவழக்கில் அது குடை என்று அவளுக்குக் கற்பிப்பது நம் கடமை. ஆனால் ‘கொடைய புடிச்சிகிட்டு’ என்று வாசித்த எவருக்கும் அங்கே தானம் என்ற பொருள் தோன்றியிருக்க முடியாது. மலையகம், யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, புத்தளம் என்று எல்லாப் பக்கத்துப் பேச்சும், முஸ்லிம் குடும்பங்களின் தமிழும் ஒரே வகுப்பில் வந்து சேரும் நகரம் கொழும்பு. இங்கே வீட்டுத் தமிழுக்காக வாசிப்பில் புள்ளியைக் குறைத்தால், எந்த வீட்டில் பிறந்தது என்பதற்காகவே ஒரு பிள்ளையின் புள்ளி குறையும்.

பந்தியைப் பார்த்து எழுதவும் என்ற குறிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். தமிழாசிரியர்கள் எல்லோரும் படித்த நன்னூலில் விடை எட்டு வகை எனக் கூறப்பட்டுள்ளது. சுட்டு, மறை, நேர் என்னும் மூன்றும் நேரடியான விடைகள். ஏவல், எதிர்வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி ஆகிய ஐந்தும் நேரடியாகச் சொல்லாமல் விடைப்பொருளை உணர்த்துவன. பொருள் உணர்த்துவதால் அவையும் விடையென்றே ஏற்கப்படும். ஆடுவாயா என்று கேட்டவரிடம் கால் வலிக்கிறது என்று சொன்னால், ஆடமாட்டேன் என்ற சொல் அங்கே இல்லை. இருந்தும் அது விடை. ஒரு வினாவுக்கான விடை ஒரே வாய்பாட்டில்தான் வரவேண்டும் என்று நம் இலக்கணம் ஒருபோதும் கேட்டதில்லை. அந்த இலக்கணத்தைப் பாடமாக நடத்திவிட்டு, அடுத்த பாடவேளையில் ‘ஏனெனில்’ என்று தொடங்காத விடைக்குப் புள்ளடி போடுவது எப்படிப் பொருந்தும்? முழு வசனத்தில் எழுதுக என்று வினாவில் கேட்டிருந்தால் அதைப் பார்க்கலாம். கேட்காத இடத்தில் ‘வெட்கத்தினால்’ என்ற ஒரே சொல்லும் மாரிமுத்துவைப் பற்றிய வினாவுக்கு ஏற்கத்தக்க விடையே.

அப்படியானால் பிள்ளை எதை எழுதினாலும் சரியா என்றால், இல்லை. என் ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் மற்றவர்களிடமும் இதே பந்தியைக் கொடுத்து எழுதச் சொன்னேன். மழை விட்டால் வெயில் அடிக்கும், அதற்காகக் குடை பிடித்தார் என்று ஒருவன் எழுதினான். கேட்பதற்கு நியாயமான காரணம். ஆனால் தெருவிளக்கு எரியத் தொடங்கிய வேளையில் வெயில் ஏது? பந்தி அந்த விடையை மறுக்கிறது. எனவே புள்ளி இல்லை, ஏன் இல்லை என்பதையும் பந்தியில் விரல்வைத்து அவனுக்குக் காட்ட முடிந்தது. கடைக்காரரிடம் அவருக்குப் பயம் என்று மட்டும் இன்னொருத்தி எழுதினாள். அது பாதி விடை. பயம் எதனால், குடை எதற்கு என்ற தொடர்பை அவள் சொல்லவில்லை. ஒரு புள்ளி கொடுத்தேன். கடைக்காரர் கண்டால் காசு கேட்பார், அதனால் மறைந்து போகிறார் என்று எழுதிய மூன்றாமவனுக்கு இரண்டு. வெட்கம் என்று சொல்லும் விடைக்கும் பந்தியில் ஆதாரம் இருக்கிறது, பயம் என்று சொல்லும் விடைக்கும் ஆதாரம் இருக்கிறது. ஒன்றை மட்டும் மாதிரி விடையாக எழுதிவைத்துக்கொண்டு மற்றதைப் பிழை என்பதற்கு ஆசிரியருக்கு உரிமையில்லை. ஆதாரத்தைப் பந்தியில் காட்ட முடிகிறதா, வினாவுக்கும் அதற்கும் உள்ள தொடர்பு விடையில் தெரிகிறதா என்ற இரண்டையும் பார்த்தால் போதும். தாராளமாகத் திருத்துங்கள் என்று நான் கேட்பதாக நினைக்க வேண்டாம். பந்தியின் வசனத்தை எடுத்தெழுதி முழுப்புள்ளி பெற்ற அச்சிறுவனின் விடைக்கு, நான் திருத்தியிருந்தால் ஒரு புள்ளிக்கு மேல் கொடுத்திருக்க மாட்டேன்.

ஆசிரியருக்கு ஆசிரியர் புள்ளி வேறுபடுவது இயல்புதானே என்று இதைக் கடந்துபோவோரும் உண்டு. அமெரிக்காவில் டானியல் ஸ்டார்ச், எட்வர்ட் எலியட் என்னும் இருவர் 1912இல் ஒரே ஆங்கில விடைத்தாளின் பிரதிகளைப் பல பாடசாலைகளுக்கு அனுப்பித் திருத்தச் செய்தபோது, 100க்கு 64 கொடுத்தவரும் இருந்தார், 98 கொடுத்தவரும் இருந்தார். மறு ஆண்டு கேத்திரகணித விடைத்தாளைக் கொண்டு அதையே செய்தார்கள்; இடைவெளி இன்னும் பெருகியது. இங்கிலாந்தில் ஹார்ட்டோக், ரோட்ஸ் ஆகியோர் 1935இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடக் கலங்கவைப்பது. வரலாற்று விடைத்தாள்கள் 15ஐ 14 பரீட்சகர்கள் ஓராண்டுக்கு மேல் கழித்து மீண்டும் திருத்தினார்கள். 210 தீர்ப்புகளில் 92 மாறிப்போயின. தாம் முன்பு சித்தி என்றதைத் தாமே இப்போது வேறாகச் சொன்னார்கள். களைப்பும், முன்னால் திருத்திய தாளின் தரமும், கையெழுத்தும், பிள்ளையின் பெயரும் நம்மை அறியாமலே பேனையைத் தள்ளுகின்றன என்று உணர்ந்தவர்கள்தாம் அதற்கு வழி தேடுவார்கள்.

வழி பெரிய செலவில் இல்லை. க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) பரீட்சைகளில் விடைத்தாள் திருத்தச் செல்லும் பரீட்சகர்கள் முதலில் ஒன்றுகூடிப் புள்ளியிடும் திட்டத்தை வரிவரியாக ஆராய்ந்த பின்பே திருத்தத் தொடங்குகிறார்கள் என்பதும், பெறுபேற்றில் ஐயமுள்ள மாணவர் மீள்திருத்தத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்பதும் நமக்குத் தெரியும். தவணைப் பரீட்சையில் இந்த இரண்டும் இல்லை. பத்து ஆண்டுகளுக்கு மேல் பிள்ளையோடு கூடவே வருவது தவணைப் பரீட்சைதான்; அதிலேதான் ஒரு பிள்ளை தன்னை வாசிக்கத் தெரிந்தவளாகவோ தெரியாதவளாகவோ எண்ணத் தொடங்குகிறது. ஆகவே வினாத்தாளோடு வரும் புள்ளியிடும் திட்டத்தில் மாதிரி வசனத்தை எழுதுவதற்குப் பதிலாக, விடையில் இருக்க வேண்டிய கருத்தை எழுதவேண்டும். எந்தக் கருத்து இருந்தால் இரண்டு, எது மட்டும் இருந்தால் ஒன்று, எது வந்தால் பூச்சியம் என்று பிள்ளைகள் எழுதக்கூடிய விடைகளையே உதாரணமாகக் காட்டவேண்டும். திருத்தத் தொடங்குமுன் பத்துப் பன்னிரண்டு தாள்களைப் பேனை எடுக்காமல் வாசித்துப் பார்த்தால், நாம் எதிர்பாராத சரியான விடைகள் இரண்டொன்றாவது அவற்றில் கிடைக்கும். திட்டத்தில் அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பிள்ளையின் தாளை முழுவதும் திருத்திவிட்டு அடுத்ததை எடுப்பதைவிட, முதலாம் வினாவை எல்லாத் தாள்களிலும் திருத்திவிட்டு இரண்டாம் வினாவுக்குப் போவது நல்லது. அளவுகோல் கையிலிருந்து நழுவாது. என் கடைசி ஐந்தாண்டுகளில் அப்படித்தான் திருத்தினேன், நேரமும் கூடச் செலவாகவில்லை. ஐயமான ஐந்தாறு விடைகளை மட்டும் பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் காட்டி, நீங்கள் என்றால் எத்தனை கொடுப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளலாம்.

ஆசிரியர்களின் சுமையை அறியாமல் நான் பேசவில்லை. நாற்பது பிள்ளைகள் கொண்ட வகுப்புகள் நான்கு இருந்தால் நூற்றறுபது தாள். அவற்றைப் பையில் கட்டிக்கொண்டு பஸ்ஸில் நின்று வீட்டுக்குப் போய், சமைத்து முடித்துவிட்டு இரவில் உட்கார வேண்டும். ஒரு கிழமைக்குள் புள்ளியைப் பதிவேட்டில் ஏற்றியாக வேண்டும். மாதிரி வசனத்தோடு ஒப்பிட்டுச் சரி போடுவது அந்த நிலையில் எவருக்கும் எளிது. அதனால்தான் இதை ஒவ்வோர் ஆசிரியரின் மனச்சாட்சிக்கு விட்டுவிடாமல், தவணை வினாத்தாளைத் தயாரிப்பவர்களும் ஆசிரிய ஆலோசகர்களும் கருத்தை அடிப்படையாகக் கொண்ட புள்ளியிடும் திட்டத்தைத் தாங்களே எழுதி அனுப்ப வேண்டும் என்று கேட்கிறேன். வலய மட்டப் பயிற்சி வகுப்பொன்றில் பிள்ளைகளின் உண்மையான விடைகள் இருபதைப் பெயரை மறைத்துப் பிரதியெடுத்துக் கொடுத்து, எல்லோரும் திருத்திவிட்டுப் புள்ளிகளைப் பலகையில் எழுதிப் பார்த்தால், ஒரு காலைப் பொழுதுக்குள் பலவும் தெளிவாகும்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. தாளில் எத்தனை புள்ளி என்று பார்த்தவுடன் பிள்ளையைக் கண்டிக்காமல், அந்தப் பந்தியை வாங்கி வாசித்துவிட்டு, இதிலே என்ன நடக்கிறது என்று வாயால் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.

கடந்த ஞாயிறு புதிய பந்தி ஒன்றைக் கொடுத்தேன். கடலுக்குப் போன தகப்பன் திரும்பிவரும்வரை வாசல் விளக்கை அணைக்க விடாத ஒரு பாட்டியைப் பற்றியது. குடைக்கு விடை எழுதிய சிறுமி இம்முறை தன் சொற்களில் ஒன்றையும் எழுதவில்லை. பந்தியிலிருந்து இரண்டு வசனங்களை ஓர் எழுத்தும் பிசகாமல் எடுத்தெழுதி நீட்டினாள். ஏன் மகள், உனக்கு விளங்கினதை எழுதவில்லையா என்று கேட்டேன். “விளங்கினத எழுதினா பிழை போடுறாங்க டீச்சர்” என்றாள். பாட்டி ஏன் விளக்கை அணைக்க விடவில்லை என்று வாயால் கேட்டபோது, கடலிலிருந்து பார்த்தால் வீடு தெரியவேண்டும் என்பதற்காகவும், அணைத்தால் அவர் வரமாட்டார் என்று ஒத்துக்கொண்டது போலாகிவிடும் என்பதற்காகவும் என்று இரண்டு காரணம் சொன்னாள். இரண்டாவது காரணம் எனக்கே தோன்றியிராதது.

அவ்வகுப்பின் புள்ளிகள் இன்னும் தேர்ச்சி அறிக்கையில் ஏறவில்லை என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். குடையையும் கடன் கொப்பியையும் பற்றிய பந்தியைத் திருத்திய ஆசிரியர் இதை வாசிக்க நேர்ந்தால், அந்த இரண்டு விடைத்தாள்களையும் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.